தேங்காயெண்ணெய்க்கு ரோஷம் கெடையாது

தூத்துக்குடி மீன்பிடி துறைமுகத்துக்குப் பின்னால ஒரு ஐஸ் கம்பெனி இருக்கு. அங்க ஒரே ஒரு சட்டம்தான். மூணு குரல். ஐஸ் எறங்குற வாசல்ல நின்னுக்கிட்டு கம்பெனி ஆளு இன்னாசி உங்க பேரை மூணு தடவ கூப்புடுவாரு. நீங்க "இந்தா இருக்கேன்"னு ஒரு சத்தம் குடுத்தா ஐஸ் உங்களுக்கு. குடுக்கலன்னா அடுத்த ஆளுக்கு. டீ குடிக்கப் போனேன், வெத்தல வாங்கப் போனேன், எதுவும் செல்லாது. ஒரு தடவ இன்னாசியோட சொந்த மாமனாரே தொடர்ந்து தும்மிக்கிட்டு இருந்ததுல மூணு குரலையும் விட்டுட்டாரு. மாமனாருக்கு ஐஸ் கெடைக்கல. அந்த வருசம் கிறிஸ்மஸுக்கு இன்னாசிக்கு மாமியா வீட்டுச் சாப்பாடும் கெடைக்கல. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

அன்னைக்கு செலஸ்தீனுக்கு ஐஸ் இல்லாம முடியாது. செலஸ்தீன் யாருன்னா, ஏலத்துல மீன் எடுத்து வெளியூர்க் கம்பெனி வண்டிக்கு ஏத்தி விடுற பொம்பள. காலையில கரைக்கு வந்த மொத்த சீலா மீனையும் ஒத்த ஆளா அவளே எடுத்துட்டா. சீலான்னா, மத்த ஊர்ல வஞ்சரம்ங்காங்களே, அதான். எடுத்ததோட சும்மா வந்துருக்கலாம். "இன்னைக்குச் சீலா வேணும்னா என் வீட்டு வாசல்ல வந்து நில்லுங்க, இல்லன்னா மத்தி வாங்கித் தின்னுங்க"ன்னு ஏலக் கூடத்துல அத்தன பேருக்கும் கேக்கச் சொல்லிட்டு வந்துட்டா.

பெறகுதான் தெரியிது, டிரான்ஸ்பார்மர் போயி, சுத்துவட்டாரத்துல எந்த ஐஸ் கம்பெனியிலயும் தண்ணி தண்ணியாவே கெடக்கு. இந்த ஒரு எடத்துலதான் கரண்டு வந்துருக்கு. இங்கயும் ஒரு வரிசை டப்பாதான் உறைஞ்சுக்கிட்டு இருக்கு. ஒரு ஆளுக்குத்தான் பத்தும். அடுத்த வரிசை ராத்திரிக்குத்தான்.

கம்பெனி வண்டியோ சாயங்காலமே வந்துரும். அந்த வண்டிக்காரன் மீனைத் திருப்பிப் பாக்க மாட்டான், செவுளைத் தூக்கிப் பாக்க மாட்டான், கண்ணை மட்டும்தான் பாப்பான். கண்ணு வெளுத்துருந்தா அம்புட்டும் ரிட்டன். அம்புட்டும் கருவாடு. கருவாடு ஆனாக்கூடத் தாங்கிக்கலாம், பேரு வந்துருமே, அதைத் தாங்க முடியாது. அந்தத் தெருவுல பட்டப்பேரு வச்சா லேசுல கழுவ முடியாது. எப்பவோ இருட்டுல மீன் வலைன்னு நெனச்சு கொசுவலையத் தூக்கிக்கிட்டுக் கடலுக்குப் போன ஒரு மனுசனோட பேரன் இன்னைக்கும் 'கொசுவலை'தான். ஸ்கூல் வாத்தியாரே அப்படித்தான் கூப்புடுதாரு. செலஸ்தீன் காதுல இப்பவே 'சீலாக் கருவாடு, சீலாக் கருவாடு'ன்னு யாரோ கூப்புடுற மாதிரி இருந்துச்சு.

வரிசையில மூணே பேரு. மொத ஆளு தொபியாஸ். ரெண்டாவது செலஸ்தீன், ஈரச் சாக்கு போட்டு மூடுன சீலாக் கூடை வண்டியோட. மூணாவது முடியப்பன்.

முடியப்பனை அவ கணக்குலயே சேக்கல. படகு இஞ்சின் ஓட்டுற மனுசன், காலமெல்லாம் அந்த டமடம சத்தத்துக்குப் பக்கத்துலயே நின்னு காது மந்தமாயிருச்சு. யாரு பேசினாலும் வாயைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிடுவாரு. அன்னைக்கும் தள்ளுவண்டி மேல ஏறி உக்காந்து, ஐஸ் எறங்குற வாசலைப் பாத்த கண்ணு பாத்தபடியே இருந்தாரு.

தொபியாஸ்தான் பிரச்சன. கப்பல்ல பண்டாரியா, அதாவது சமையக்காரனா, வடக்குக் கடலு வரைக்கும் போயிட்டு வந்தவன். போயிட்டு வந்ததுலேருந்து வாயை மூடல. அவன் மச்சான் படகு விடியக்காலம்தான் கடலுக்குப் போகுது, ராத்திரி ஐஸ் எடுத்தாக்கூட அவனுக்குப் போதும். செலஸ்தீன் நயமாத்தான் கேட்டுப் பாத்தா, தம்பி, எனக்கு விட்டுக் குடு, உனக்கு ராத்திரி போதும்லான்னு. தொபியாஸ் மூஞ்சியப் பவ்யமா வச்சுக்கிட்டு சொன்னான்:

"எப்படிக்கா முடியும்? நான் மத்தி வாங்கித் திங்கப் போறவன். அதுக்கும் ஐஸ் வேணும்லா."

ஏலக் கூடத்துல இவனும் நின்னுருக்கான். செலஸ்தீன் நாக்கைக் கடிச்சுக்கிட்டா.

அப்பத்தான் அந்த யோசனை வந்துச்சு. தொபியாஸ் புளுக ஆரம்பிச்சா அவனுக்குக் காதும் கேக்காது, ஒடம்பும் வலிக்காது. போன வாரம் திமிங்கலத்துக்குப் பல்லு வெளக்கி விட்ட கதையச் சொல்லும்போது கட்டெறும்பு ஒண்ணு அவன் காலைக் கடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கதை முடிஞ்சு, எல்லாரும் சிரிச்சு, எந்திரிச்சுப் போன பெறகுதான் "ஆ"ன்னு குதிச்சான். இன்னாசி கூப்புடுறது மூணே குரலு. அந்த மூணு குரலு நேரத்துக்கு இவன் வாயை ஓட விட்டாப் போதும்.

அவ சேலத் தலப்பால விசிறிக்கிட்டே, யாருக்கோ சொல்லுத மாதிரி சொன்னா, குளிருன்னா ஊட்டிக் குளிருதான், அதுக்கு மேல இந்த உலகத்துல குளிரு எங்க இருக்குன்னு.

தொபியாஸ் திரும்பினான். ஊட்டியான்னு ஒரு சிரிப்பு சிரிச்சான். சட்டைக் கைய மடிச்சு விட்டான். சரி, வண்டி கெளம்பிருச்சு.

ஊட்டிக் குளிருக்குத் தேங்காயெண்ணெய் மட்டும்தான் பயப்படும்னான். உலகத்துல ஓடுற சாமான் எல்லாத்துக்கும் ஒரு ரோஷம் இருக்காம். குளிரு வந்து 'நில்லு'ன்னு அதட்டும்போது, எது வரைக்கும் நிக்காம எதுத்து ஓடுதோ, அதான் அதோட ரோஷம். படிச்சவங்க அதுக்கு உறைநிலைன்னு பேரு வச்சிருக்காங்களாம். தேங்காயெண்ணெய்க்கு அது கெடையவே கெடையாது. குளிரு தெருமுனையில வரும்போதே கட்டியாயிரும். இவன் கப்பலு சூயஸ் தாண்டுனதுமே எண்ணெ பாட்டிலு கல்லாயிருச்சாம். பாட்டில உடைச்சு, சோப்பு தேய்க்கிற மாதிரி தலையில தேய்ச்சுக்கிட்டே போனானாம்.

இது வரைக்கும் செலஸ்தீனாலயும் நம்ப முடிஞ்சது. மார்கழியில அவ வீட்டு எண்ணெயே பாதி கட்டியாத்தான் கெடக்கும். ஆனா நம்புனா இவன் நிறுத்திருவானே. அதனால ஒரு கேள்வியப் போட்டா. உறையுறது பத்தி எனக்குத் தெரியாதா, பாலு உறையணும்னா ஒரு கரண்டி மோரு ஊத்தணும், உன் எண்ணெ பாட்டிலுக்கு மோரு ஊத்துனது யாருன்னு கேட்டா.

"அது தயிருக்கா. இது வேற உறை."

"உறையில என்னல வேற உறை?"

வண்டி மேல இருந்து முடியப்பன் கழுத்தை நீட்டினாரு. "தலகாணி உறையா? எங்க விக்கிது?"

ஒண்ணுமில்ல அண்ணேன்னு ரெண்டு பேரும் சேந்து கையாட்டினாங்க. அவரு மறுபடி வாசலைப் பாக்க ஆரம்பிச்சாரு.

தண்ணியோட ரோஷம் பூஜ்யம் வரைக்கும்தானாம். அதுவும் அடுத்த நாளே போயிருச்சாம். குழாயத் தொறந்தா தண்ணிக்குப் பதிலா நீட்டு நீட்டாக் குச்சிதான் வந்துச்சாம். கப்பல்ல இருந்தவங்க எல்லாம் ஆளுக்கு ரெண்டு குச்சிய ஒடிச்சுக்கிட்டுப் போயிக் குளிச்சாங்களாம். ரசத்தைக் கரண்டியில மோந்து ஊத்தினா அது எலைக்கு வந்து சேராம நடுவுலயே நின்னுருமாம். இவன் சுத்தியலால தட்டி, வேணுங்குறவங்களுக்கு வேணுங்குற அளவு ஒடச்சுப் போட்டானாம். ரெண்டாவது ரசம் கேட்டவங்களுக்குத் தூளு.

டீதான் கொஞ்சம் எதுத்து நின்னுச்சாம், சீனி போட்டதுனால. ஆனா ஒரு நாள் கேப்டனுக்கு ஆத்திக்கிட்டு இருக்கும்போது, மேல ஒரு டம்ளரு கீழ ஒரு டம்ளரு, நடுவுல கையகல நீளத்துக்கு டீ... அப்படியே கம்பியா நின்னுருச்சாம். கேப்டன் நார்வேக்காரரு, வயசாளி, ஒரு காலத் தாங்கித் தாங்கி நடப்பாரு. அந்த டீக்கம்ப வாங்கி ஊனிக்கிட்டாராம். காலையிலேருந்து ஊனி நடப்பாரு, தாகம் எடுத்தா நுனியச் சப்பிக்கிடுவாரு. சாயங்காலத்துக்குள்ள கம்பு குட்டையாயிரும். மறுநாளு புதுசா ஒண்ணு ஆத்திக் குடுக்கணும்.

செலஸ்தீன் குறுக்க புகுந்தா. கையகல டீயை ஊனி நடக்கணும்னா அவரு என்ன பூனையான்னு கேட்டா. தொபியாஸ் ஒரு நொடி யோசிச்சான். கையகலம்னா ஆரம்பத்துல, போகப் போகக் கை ஒசந்துருச்சுன்னான். நான் ஆத்துனா டீ மாடி மேலேருந்து எறங்கும்க்கான்னான்.

அப்புறம் கடலுக்கு வந்தான். கடலு உறைஞ்சிருச்சாம்.

இங்கதான் செலஸ்தீனுக்கு நெஜமாவே கோவம் வந்துச்சு. ஐஸ் கம்பெனி வாசல்ல உக்காந்துக்கிட்டு இப்படி ஒரு புளுகா. உள்ள இருக்குறதே பெரிய உப்புத் தண்ணித் தொட்டி. அதுக்குள்ளதான் நல்ல தண்ணி டப்பாவை எறக்குறாங்க. டப்பாக்குள்ள இருக்குற நல்ல தண்ணிதான் உறையிது, சுத்தி இருக்குற உப்புத் தண்ணி ஓடிக்கிட்டேதான் இருக்கு. இத்தன வருசமாப் பாக்குறா. உப்புத் தண்ணி எங்கல உறையும்னு கேட்டா.

"உப்பு போட்டுத் திங்கறவனுக்குத்தானக்கா ரோஷம் இருக்கும்? கடலை விட உப்பு போட்டுத் திங்கறவன் யாரு?"

அவன் வெவரமாச் சொன்னான். அதனாலதான் கடலு பூஜ்யத்துக்கு அசையலையாம், இன்னும் ரெண்டு படி கீழ எறங்குன பெறகுதான் மசிஞ்சுதாம். இந்தத் தொட்டியில கடலை விட உப்பு அதிகம், அதனால அது இன்னும் பெரிய ரோஷக்காரன். ஆனா அந்த ஊர்க் கடலு கடைசியில நின்னுருச்சு. எந்திரிச்ச அலை எந்திரிச்சபடி. இவன் ஒரு அலைக்கும் இன்னொரு அலைக்கும் நடுவுல கயிறு கட்டித் துணி காயப் போட்டானாம். அலைக்குள்ள மீனெல்லாம் கடைக் கண்ணாடிக்குள்ள வச்ச மாதிரி வரிசையாத் தெரிஞ்சுதாம்.

"என்ன மீனு?" செலஸ்தீனுக்குத் தொழில் பாசம்.

"சீலா."

"அந்தக் கடல்ல ஏதுல சீலா?"

"அவங்க ஊரு சீலா. கண்ணு மட்டும் நீலம். அம்புட்டும் வெளுக்காத கண்ணு."

வெளுக்காத கண்ணுன்னதும் செலஸ்தீனுக்குத் தன்னோட மீன் ஞாபகம் வந்துருச்சு. அதே நேரம் பாத்து உள்ள சங்கிலி உருளுற சத்தம் கேட்டுச்சு. டப்பா மேல வருது. மெசின் சத்தத்துக்கு ஊடால இன்னாசி குரலு: "தொபியாசு..."

செலஸ்தீன் இது வரைக்கும் அவ வாழ்க்கையில சிரிக்காத சிரிப்பு ஒண்ணு சிரிச்சா. நீலக் கண்ணா, நீலக் கண்ணான்னு தொடையத் தட்டித் தட்டிச் சிரிச்சா. தொபியாஸ் பூரிச்சுப் போயிட்டான். தன் சீலாவுக்கு இம்புட்டு மரியாதை கெடைக்கும்னு அவன் நெனைக்கல. வேகம் ஏறிருச்சு.

டீசலு இருக்கே, அது அல்வாவாயிருச்சாம். சும்மா அல்வா இல்ல, கையில ஒட்டாத அல்வா. குழாயில போகல. இஞ்சினு பசியில அழுவுது. கேப்டன் வந்து பண்டாரிய எழுப்பி, இஞ்சினுக்குச் சாப்பாடு குடுக்குறது இனிமே உன் பொறுப்புன்னுட்டாராம். இவன் வாழ எலை மாதிரி ஒரு தகரத்துல டீசலை வில்லை வில்லையா வெட்டி, மூணு வேளையும் ஊட்டி விட்டானாம். ஞாயித்துக்கெழமை மட்டும் மேல முந்திரி.

"தொபியாசு..." ரெண்டாவது குரலு.

"இஞ்சினுக்கு ஏதுல பல்லு?" செலஸ்தீன் தொண்ட கிழியக் கத்தினா. கம்பெனிக் கூரையில உக்காந்துருந்த காக்கா ரெண்டு பறந்துருச்சு. பல்லுச் சக்கரம் இருக்குல்லக்கா, அது பின்ன எதுக்குன்னு தொபியாஸ் சாவகாசமாச் சொன்னான்.

அப்புறம் தலைமை இஞ்சினியருக்குக் காச்ச வந்துச்சாம். ஜுரம் பாக்குற கண்ணாடிக் குழாய வாயில வச்சா, பாதரசம் ஏறவும் மாட்டேங்குது எறங்கவும் மாட்டேங்குது. என்னன்னு பாத்தா, அதுவும் நின்னுருச்சு. பாதரசம்லாம் லேசுப்பட்ட ஆளு இல்லியாம், முப்பத்தொம்பது படி கீழ வரைக்கும் ஒத்தையா நின்னு சண்டை போடும். அதுவே தோத்துருச்சு. குழாய ஒடச்சு எடுத்தா உள்ள ஒரு வெள்ளி ஆணி. இவன் அத சுவத்துல அடிச்சு மாதா காலண்டர மாட்டிட்டானாம். இஞ்சினியருக்கு எத்தன ஜுரம்னு கேட்டதுக்கு, காலண்டர் விழுற வரைக்கும் கவலையில்லன்னு சொல்லிட்டானாம்.

"தொபியாசு... மூணாவது."

செலஸ்தீனுக்குச் சிரிப்பு தீந்துருச்சு, கேள்வியும் தீந்துருச்சு. இருமினா. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, கண்ணுல தண்ணி வர இருமினா. தொபியாஸ் கதைய நிறுத்தாமலே எந்திரிச்சுப் போயி தண்ணி பாட்டில எடுத்துட்டு வந்து குடுத்து, மெதுவாக்கா, மெதுவான்னு முதுகத் தட்டி விட்டான். அந்த நேரம் மட்டும் அவ மனசுல முள்ளு குத்துன மாதிரி இருந்துச்சு. ஆனா மூணு குரலும் போயிருச்சு. ஜெயிச்சாச்சு.

இனி இன்னாசி டப்பாவத் தண்ணியில முக்கி, ஐஸக் கழட்டி வச்சுட்டு, அடுத்த பேரக் கூப்புடுவாரு. அடுத்த பேரு செலஸ்தீன். அவ சேலைய ஒதறி, கொசுவத்தச் சொருகி, பாதி எந்திரிச்சிட்டா.

"குளிரு பாதரசத்தோட விட்டுருந்தாலும் பரவால்லக்கா," தொபியாஸ் குரலத் தாழ்த்திட்டான். "மூச்சு உறைஞ்சிருச்சு."

செலஸ்தீன் நின்னா. மூச்சு எப்படி உறையும்னு நெனச்சா. டப்பா கழட்ட இன்னும் கொஞ்சம் நேரமாகும்லான்னும் நெனச்சா. உக்காந்துட்டா.

நம்ம உள்ள இருந்து வெளிய விடுறோமே காத்து, அது எழுபத்தெட்டு படி வரைக்கும்தான் தாங்குமாம். அதுக்கு மேல அது காத்தா இருக்காது, வெள்ள மாவாயிரும். அந்தக் கப்பல்ல எல்லாரும் மூச்சு விட விட, மூக்குலேருந்து இடியாப்ப மாவு மாதிரி கொட்டிக்கிட்டே இருந்துச்சாம். தரையெல்லாம் மூச்சு. கூட்டித்தள்ளுற வேலை பண்டாரிக்கு. தொபியாஸ் நல்ல மனுசன், அடுத்தவன் மூச்ச வெளிய கொட்ட மனசு வரல. அவங்கவங்க மூச்ச அவங்கவங்க கட்டிலுக்குக் கீழ குமிச்சு வச்சானாம், ஊருக்குப் போகும்போது எடுத்துக்கிடட்டும்னு. அதுல ஒரு தப்பு நடந்து போச்சு. கேப்டன் கட்டிலுக்குக் கீழ இவன் மூச்ச வச்சுட்டான்.

"பெறவு?" செலஸ்தீன் கேட்டா. இது நடிப்பு இல்ல.

பெறவு என்ன. காலையில கேப்டன் எந்திரிச்சாரு, ஆழமா ஒரு மூச்சு இழுத்தாரு, வெளிய வந்தாரு, அங்க நின்ன நார்வேக்காரன், ரசியாக்காரன், பிலிப்பைன்ஸ்காரன் எல்லாரையும் பாத்து, "ஏல, என்னல பராக்கு பாக்குதிய, சோலியப் பாருங்கல"ன்னாராம். கப்பலே ஆடிப் போச்சாம். அதுக்கப்புறம் அவரு கம்பியில்லாத் தந்தியில பேசுறதையும் தூத்துக்குடித் தமிழ்லயே பேச ஆரம்பிச்சுட்டாரு. அவரு பொண்டாட்டி போன் பண்ணா, "ஏட்டி, சாப்பிட்டியா"ங்காராம்.

செலஸ்தீன் வயித்தப் புடிச்சுக்கிட்டா. இந்தச் சிரிப்பு முந்தி சிரிச்சது மாதிரி இல்ல, சத்தமே வரல, தோளு மட்டும் குலுங்குச்சு. கண்ணத் தொடச்சுக்கிட்டு, சரக்கு அடிக்கிறவங்க பாட்டிலு என்னாச்சுன்னு கேட்டா. அவ வீட்டுக்காரர் குடிக்கிறவரு, அந்தக் கவலை அவளுக்கு.

தொபியாஸ் காது மடலத் தொட்டுக்கிட்டான். சாராயத்த மட்டும் கொறச்சுப் பேசக் கூடாதுன்னான். நூத்திப் பதினாலு படி. தண்ணி, பாலு, எண்ணெ, கடலு, பாதரசம் எல்லாம் படுத்த பெறகும் அது மட்டும் பாட்டிலுக்குள்ள சலசலன்னு பேசிக்கிட்டே கெடந்துச்சாம். ஆளுங்களுக்குத் தலைவரா ஒரு செராங்கு இருந்தாரு, மலையாளி, நல்ல கனமான ஒடம்பு, எந்நேரமும் தண்ணிதான். எல்லாரும் வெறச்சுப் போயி நிக்கும்போது அவரு ஒருத்தருதான் ஓடியாடி வேல பாத்தாரு. காரணம் ஒடம்புல ஓடுனது ரத்தம் இல்ல. குளிரு அவருகிட்ட வந்து, வாசம் புடிச்சுப் பாத்துட்டு, திரும்பிப் போயிருமாம்.

அப்புறம்தான் காத்துக்கே வந்துச்சாம் ஆபத்து. காத்துல நாலுல மூணு பங்குக்கு மேல நைட்ரஜனாம், அது எரநூத்திப் பத்துல விழுந்துச்சு, வெள்ளையா, உப்பளத்துல உப்பு குமிச்ச மாதிரி. பின்னாலயே எட்டு படி கழிச்சு ஆக்சிஜன். அது வெள்ள இல்லியாம், இளநீலம். கப்பலச் சுத்தி இருந்த வானம் அப்படியே கட்டியா எறங்கித் தளத்துல உக்காந்துருச்சு.

"காத்து கட்டியாயிட்டா மனுசன் எப்படில மூச்சு விடுவான்?"

"அதான்க்கா கொஞ்சம் கஷ்டமாயிருச்சு."

இவன் கத்திய எடுத்து, நீலக் கட்டியப் பாத்துப் பாத்து வில்லை போட்டு, ஆளுக்குக் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரிக்குப் பாதின்னு பந்தி வச்சானாம். நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டா அது பாட்டுக்குக் கரைஞ்சு நெஞ்சுக்குள்ள போயிரும். கொறட்டை விடுறவங்களுக்கு மட்டும் ராத்திரியும் முழுசு. ஒருத்தன் திருட்டுத்தனமா ரெண்டு வில்லைய ஒண்ணா முழுங்கிட்டு, விடிய விடியப் பெருமூச்சு விட்டுக்கிட்டே கெடந்தானாம்.

செலஸ்தீன் முன்னாடி குனிஞ்சு, கன்னத்துல கைய வச்சுக்கிட்டா. எல்லாமே உறைஞ்சிருச்சு, இனி உறைய என்னல பாக்கின்னு கேட்டா.

ஒண்ணு பாக்கி இருந்துச்சாம். கேப்டன் பேத்தி பொறந்த நாளுக்குன்னு வாங்கி வச்சிருந்த பலூனு. அதுக்குள்ள ஹீலியம். உலகம் மொத்தமும் கல்லாக் கெடக்கு, அந்த பலூனு மட்டும் கூரையில முட்டிக்கிட்டு ஆடுது. குளிரு எறங்கி எறங்கிப் பாக்குது. எரநூத்தி எழுவது. எழுவத்தொண்ணு. எழுவத்திரெண்டு. எரநூத்தி எழுவத்து மூணோட குளிரே முடிஞ்சிருதாம். அதுக்குக் கீழ எறங்க எடமே கெடையாது, அதான் தரை. குளிரு தரையில உக்காந்து மேல பாக்குது, ஹீலியம் கூரையிலேருந்து கீழ பாத்துச் சிரிக்கிது. அம்புட்டு ரோஷம். உப்பு போட்டுத் திங்காமலே.

"பெறவு எப்படி உறைஞ்சுது?"

"செராங்கு மேல உக்காந்துட்டாரு."

"என்னது?"

"போதையில தலகாணின்னு நெனச்சுப் புடிச்சு இழுத்துப் போட்டு மேல உக்காந்துட்டாருக்கா. ஹீலியத்தக் குளிரால மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. குளிரும் வேணும், மேல ஒரு ஆளு உக்காந்து அமுக்கவும் வேணும். அப்பத்தான் உறையும். இது நெஜம். வேணும்னா யாருகிட்டயும் கேட்டுப் பாரு."

மத்ததெல்லாம் நெஜம் இல்லையான்னு கேக்க வாயத் தொறந்தா செலஸ்தீன். அப்பத்தான் ஏதோ கொறையிற மாதிரி இருந்துச்சு. சங்கிலிச் சத்தம் இல்ல. ஐஸ் நொறுக்குற மெசினும் ஓடி முடிச்சு நின்னுருக்கு. அவ மெதுவாத் திரும்பிப் பாத்தா.

முடியப்பன் தள்ளுவண்டியில இப்ப முடியப்பன் இல்ல, ஐஸ் இருந்துச்சு. குமிச்சு, மேல சாக்கு போட்டு மூடி, கயிறும் கட்டியாச்சு. முடியப்பன் பக்கத்துல நின்னு கையத் தொடச்சுக்கிட்டு இருந்தாரு.

செலஸ்தீன் ஓடினா. என் பேரக் கூப்புடவே இல்லையேன்னு இன்னாசிகிட்ட சண்டைக்கு நின்னா. தொபியாஸும் பின்னாலயே வந்து, அவளுக்கு முந்தி என் பேரு எங்கன்னு கேட்டான். இன்னாசி தோளுல கெடந்த துண்ட எடுத்து மூஞ்சியத் தொடச்சுக்கிட்டாரு. உனக்கு மூணு குரலு, உனக்கு மூணு குரலுன்னு ரெண்டு பேரையும் விரல் நீட்டிச் சொன்னாரு. கடைசியில முடியப்பன், நான் கூப்புடக் கூட இல்ல, வாயத் தொறந்ததுமே கையத் தூக்கிட்டாரு. அவருதான் என் வாயவே பாத்துக்கிட்டு இருந்தாரேன்னாரு. அப்புறம் சாவியச் சுத்திக்கிட்டே சொன்னாரு:

"அங்க தண்ணி உறைஞ்சுது, கடலு உறைஞ்சுது, காத்தே உறைஞ்சுது. எல்லாம் எனக்கும் கேட்டுச்சு. இங்க ஆறு குரலு குடுத்தும் உங்க ரெண்டு பேருக்கும் உறைக்கலையே."

தொபியாஸ் செலஸ்தீனப் பாத்தான். அந்தச் சிரிப்பு, அந்தக் கத்தலு, அந்த இருமலு எல்லாம் அவனுக்கு இப்ப வரிசையா ஞாபகம் வந்துருக்கணும். அவ தரையப் பாத்தா. திட்டுவான்னு நெனச்சா. அவன் இருமலு பரவால்லையாக்கான்னு மட்டும் கேட்டான். திட்டியிருந்தா நல்லாருந்துருக்கும்.

முடியப்பன் கிட்ட வந்தாரு. தன் காது மாதிரிதான் எல்லாருக்கும்னு நெனச்சு எப்பவுமே சத்தமாப் பேசுற மனுசன். நீங்க ரெண்டு பேரும் அம்புட்டு நேரமா என்ன பேசிக்கிட்டு இருந்தீங்கன்னு தெரு முழுக்கக் கேக்கக் கேட்டாரு. செலஸ்தீன் அவரு மூஞ்சிக்கு நேரா நின்னு, ஒவ்வொரு எழுத்தா வாய அசச்சா.

"குளிரப் பத்திண்ணே."

அவரு அண்ணாந்து வெயிலப் பாத்தாரு. செலஸ்தீன் கூடையில ஈரச் சாக்குக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்த சீலா வாலையும் பாத்தாரு. எனக்கு இன்னைக்கு மீன் கம்மி, பாதி போதும்னு சொல்லிட்டு, கயித்த அவுத்து, பாதி ஐஸ அவ கூடை வண்டியில தள்ளி விட்டாரு.

பாதி ஐஸுக்கு மொத்தச் சீலாவும் தாங்காது. செலஸ்தீன் கொஞ்சம் யோசிச்சா. வண்டிக்காரன் பாக்குறது கண்ணத்தானே. ஐஸ மீன் தலைப்பக்கம் மட்டும் குமிச்சு, வாலுக்கு ஈரச் சாக்கு போட்டா. எல்லாச் சீலாவும் மப்ளர் கட்டுன மாதிரி கழுத்து வரைக்கும் ஐஸுல படுத்துருந்துச்சு. கண்ணெல்லாம் பளபளன்னு. நீலம்தான் இல்ல.

வண்டி கனமாயிருச்சு, ஒத்த ஆளாத் தள்ள முடியல. தொபியாஸ் கேக்காமலே வந்து ஒரு பக்கம் கை வச்சான். மத்தி திங்கறவன் தள்ளுனா வண்டி நகருமான்னு மட்டும் கேட்டான். செலஸ்தீன், ராத்திரி உன் வீட்டுக்கு ஒரு சீலாத் தலை வரும், வாய மூடிக்கிட்டுத் தள்ளுன்னா. வெயிலு தாரு ரோட்ட உருக்கிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு பேரும் தள்ளுனாங்க.

செலஸ்தீனால ரொம்ப நேரம் வாய மூடிக்கிட்டு இருக்க முடியல.

"ஏல, அந்தக் கேப்டனுக்கு உன் மூச்சு போயிருச்சு, சரி. அவரு மூச்ச என்னல பண்ணுனே?"

தொபியாஸ் பெருமூச்சு விட்டான். ரொம்ப வருத்தமான ஆளு மாதிரி தலைய ஆட்டினான்.

"அது எனக்குள்ளதான்க்கா இருக்கு. ஊருக்கு வரும்போது மாத்த மறந்துட்டோம். அந்த ஆளு மாதிரி ஒரு புளுகன நீ பாத்துருக்க மாட்டே. நான் பொறந்ததுலேருந்து ஒரு பொய் சொன்னது கெடையாது. இப்ப வாயத் தொறந்தா வாறதெல்லாம் அவரு மூச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

செலஸ்தீன் வண்டிய நிறுத்தினா. சாக்க வெலக்கி, ஒரு சீலா தலைக்குப் பக்கத்துலேருந்து நல்ல துண்டா ஒண்ண எடுத்தா. வாயத் தொறல தம்பின்னா. தொபியாஸ் தொறந்தான். உள்ள வச்சு, தாடைய மூடி, கன்னத்துல ஒரு தட்டுத் தட்டி விட்டா, இந்த வாயோட ரோஷமும் எது வரைக்கும்னு பாத்துருவோம்னு.

தெருமுனை வாறதுக்குள்ள உருகினது ஐஸுதான்.